ஐஸ்கிறீமுக்குக் கொடுத்த பனிக்கட்டி

ஓய்வு பெற்ற மறுநாள் காலை நான் செய்த முதல் வேலை, தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்ததுதான். சிரிக்காதீர்கள். எங்கள் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள்: எண்ணெய் கூடாது, கிறீம் கூடாது, சென்ற் கூடாது. புற ஊதா ஒளி அவ்வளவு ரோசக்காரி. கண்ணுக்கே தெரியாத ஒரு எண்ணெய்ப் படலம் கண்ணாடியில் படிந்தால் போதும், உள்ளே வரமாட்டேன் என்று நின்றுவிடுவாள். அவளுக்காக இருபத்தாறு வருடம் நான் காய்ந்த தலையோடு சிட்னி ரெயிலில் போய் வந்திருக்கிறேன். "உமக்கு விஞ்ஞானத்தாலதான் முடி கொட்டுது" என்று என் மச்சாள் சொல்வாள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். சோதனை முறைகள் எல்லாம் கோப்பில் இருக்கின்றன; அவற்றை என்னைவிட நன்றாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு பெட்டியைக் காரில் கொண்டுவந்த கதை. பெட்டி தூக்குவதெல்லாம் ஒரு அனுபவமா என்று நினைப்பீர்கள். அடுத்த மாதம் உங்களில் ஒருவர் அதே பெட்டியைத் தூக்கப்போகிறீர்கள், அதனால்தான்.

அப்போது நாங்கள் ஒரு சிறிய செயற்கைக்கோளுக்கான புற ஊதாக் கமரா செய்துகொண்டிருந்தோம். இளம் நட்சத்திரங்கள் புற ஊதாவில்தான் அதிகம் பேசும். அந்த ஒளியைக் காற்று மண்டலம் கீழே விடுவதில்லை. ஆகவே மேலே போகத்தான் வேண்டும். மேலே போனால் புரோட்டான் மழை. ஒவ்வொரு புரோட்டானும் கமராவின் சிப்புக்குள் புகுந்து ஏதோ ஓர் அணுவை அதன் இடத்திலிருந்து தள்ளிவிட்டுப் போகும். தள்ளப்பட்ட இடம் கசியத் தொடங்கும். முழு இருட்டிலும் அந்தப் புள்ளி வெளிச்சமாகத் தெரியும். சூட்டுப் புள்ளி என்று நாங்கள் சொல்வது அதைத்தான். நட்சத்திரம் இல்லாத இடத்தில் நட்சத்திரம்.

அதற்கு ஒரு வைத்தியமும் உண்டு. சிப்பைச் சற்றுச் சூடாக்கினால் விலகிப்போன அணுக்களில் பல தங்கள் இடத்துக்குத் திரும்பிவிடும். அதனால் கமராவில் ஒரு சிறிய சூடாக்கியை வைத்து, மாதம் ஒருமுறை சிப்பைச் சூடாக்கலாம் என்பது எங்கள் முதல் திட்டம். ஆனால் செயற்கைக்கோளில் இடமும் எடையும் கல்யாண வீட்டுப் பந்தியைப் போன்றவை, ஒருவர் எழும்பினால்தான் இன்னொருவர் இருக்கலாம். சூடாக்கியும் அதன் கம்பிகளும் உள்ளே இருந்ததால் டேனியலின் ஒளிப்பிரிப்பித் தட்டு வெளியே இருந்தது.

டேனியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலேசியாவிலிருந்து மெல்பேர்னுக்குப் படிக்க வந்து அங்கேயே தங்கிவிட்ட பிள்ளை. கிரான்பர்னில் வீடு, மனைவி, ஒரு மகள். எங்கள் சிப் தரும் எண்களையெல்லாம் மெல்பேர்னில் இருந்தபடி ஆராய்வது அவர்தான். நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் ஒரு தட்டை ஆறு வருடம் உழைத்து வடிவமைத்திருந்தார். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். எடை கூடுகிறதென்று அதை நீக்கிய அன்று கூட்டத்தில் தலையாட்டிவிட்டு, என்னிடம் மட்டும் போனில் சொன்னார்: "பரவால்லக்கா, அலமாரில பத்திரமா வச்சிட்டேன்." வேலை செய்யுமிடத்தில் தம்பி என்று ஒருவர் கிடைப்பது பெரிய கொடுப்பினை. எனக்குக் கிடைத்திருந்தது.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். விண்வெளியில் சிப் படப்போகும் பாட்டை இங்கேயே காட்டிவிட, நகரின் தெற்கேயுள்ள ஒரு நிலையத்தில் அதன்மீது புரோட்டான் கற்றையைப் பாய்ச்சுவோம். விண்வெளியில் இருக்கப்போகும் அதே கடுங்குளிரில் வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். பிறகு அந்தக் குளிர் குறையாமல் எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும். வழியில் சூடுபட்டால் காயம் ஆறிவிடும். ஆறிய காயத்தை அளந்தால், அடியே படவில்லை என்று சிப் பொய் சொல்லும். ஆகவே காற்றுப் புகாத குப்பிக்குள் சிப், குப்பியைச் சுற்றி உலர் பனிக்கட்டி என்னும் உறைந்த கரியமில வாயு, எல்லாவற்றுக்கும் வெளியே கடற்கரைக்குக் கொண்டுபோகும் சாதாரண நீலநிற எஸ்கி. குளிர்ப்பெட்டிக்கு இந்த நாட்டில் அதுதான் பெயர். குப்பியின் மூடியில் நகத்தளவில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வெப்பம் பூச்சியத்தைத் தாண்டினால் அது கறுத்துவிடும், பிறகு ஒருபோதும் வெளுக்காது. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் அது சொல்லாது. அந்தக் குளிரில் எங்களிடமிருந்த பதிவுக் கருவிகளின் பற்றரி செத்துவிடும் என்பதால் ஸ்டிக்கரை நம்பித்தான் பிழைப்பு.

அது ஒரு வெள்ளிக்கிழமை. வெப்பம் நாற்பதைத் தாண்டியிருந்தது. ஆய்வகத்து வேன் திருத்தத்துக்குப் போயிருந்ததால் என் காரிலேயே போனேன். கற்றை பாய்ச்சி முடிந்து, கதிர்வீச்சு அளப்பவர் மீட்டரைக் காட்டி, கொண்டுபோகலாம் என்று கையெழுத்து வைத்தார். எஸ்கியைப் பின் இருக்கையில் வைத்துச் சீற் பெல்ட் போட்டேன். உள்ளே மூன்று பனிக்கட்டிகள். அவை ஆவியாகிக் கார் முழுவதும் நிறைந்துவிடக்கூடாது என்பதால் கண்ணாடிகளைத் திறந்துதான் ஓட்ட வேண்டும். ஏசியைப் போட்டும் பயனில்லை. வேர்த்து ஊற்ற ஊற்ற ஓட்டிக்கொண்டு வந்தேன்.

பாதி வழியில் போன் அடித்தது. பென்டில் ஹில்லில் கடை வைத்திருக்கும் ரஞ்சன். அடுத்த நாள் என் அண்ணன் மகள் பெரியபிள்ளையானதற்கான சாமத்தியச் சடங்கு. ஐஸ்கிறீம் என் பொறுப்பு என்று நானே வாக்குக் கொடுத்திருந்தேன். மாம்பழம், வனிலா, பிஸ்தா என மூன்று வகை, இருநூறு பேருக்கு. எல்லாம் ரஞ்சனின் கடையில் இருந்தது.

"அக்கா, கறண்ட் போட்டுது. பிறீசர் நிண்டு ரெண்டு மணித்தியாலம். உங்கட ஐஸ்கிறீம் இனித் தாங்காது. என்ன செய்ய?"

"எப்ப வருமாம்?"

"பின்னேரம் வருமாம். அதுக்குள்ள எல்லாம் பாயாசம்தான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது. இந்த நகரத்தில் இந்த நேரத்தில் காரில் உலர் பனிக்கட்டியோடு திரியும் ஒரே தமிழ்ப் பெண் நானாகத்தான் இருப்பேன். "பிறீசரைத் திறக்காதேங்கோ, வாறன்" என்றேன்.

கணக்குப் பார்க்காமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். பார்த்தேன். கடையிலிருந்து ஆய்வகம் முப்பத்தைந்து நிமிடம். குப்பியைக் குளிராக வைத்திருக்க ஒரு கட்டி தாராளமாகக் காணும். ஆகவே இரண்டைக் கொடுக்கலாம். கடை வாசலில் காரை நிறுத்தி, கையுறை போட்டு, எஸ்கியைத் திறந்து இரண்டு கட்டிகளையும் எடுத்து ரஞ்சனின் பிறீசருக்குள் வைத்தேன். புகை எழும்பியதைப் பார்த்து அவர் வாயைப் பிளந்தார். என்னுடைய ஐஸ்கிறீம் மட்டுமல்ல, அவருடைய மீன், றொட்டி, தோசை மா எல்லாமே தப்பியது. "அக்கா, நீங்கள் தெய்வம்" என்றார். தெய்வம் திரும்பிக் காருக்கு வந்து எஸ்கியின் மூடியைச் சாத்தி, இரண்டு கொளுவிகளில் ஒன்றை மட்டும் பூட்டிவிட்டுக் கிளம்பியது.

இரண்டாவது கொளுவியை நான் பூட்டவில்லை என்பது ஆய்வகத்தில் இறங்கியபோதுதான் தெரிந்தது. நெடுஞ்சாலையில் ஒரு லொறி குறுக்கே சாய்ந்து, முப்பத்தைந்து நிமிடப் பயணம் மூன்று மணித்தியாலமாகியிருந்தது. மூடி ஒரு பக்கம் விரலளவு தூக்கி நின்றது. உள்ளே பனிக்கட்டி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஸ்டிக்கர் கறுத்திருந்தது.

அங்கே நின்று நான் யோசித்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நீங்களும் அதைத்தான் யோசிப்பீர்கள். கொஞ்சம் முன்புதான் கறுத்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். பூச்சியத்தைத் தாண்டினாலே கறுக்கும் ஸ்டிக்கர்தானே, ஒரு பாகை இரண்டு பாகை கூடியிருக்கலாம், அதில் என்ன ஆறிவிடப் போகிறது என்று அடுத்தது. பிறகு கையுறையைக் கழற்றி, நகத்தால் சுரண்டி அந்த ஸ்டிக்கரை எடுத்தேன். மேசை இழுப்பறையில் வெள்ளை ஸ்டிக்கர் ஒரு கட்டு இருந்தது. இழுப்பறையைத் திறந்தும் விட்டேன். புதியதை ஒட்டும் அளவுக்குக் கை போகவில்லை. கறுத்ததை என் பர்சுக்குள், மெடிகெயார் அட்டைக்குப் பின்னால் செருகினேன். குப்பியைக் குளிரறையில் வைத்தேன். பதிவேட்டில் ‘வந்து சேர்ந்தபோது ஸ்டிக்கரின் நிறம்’ என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். வெறுமையாக விடுவது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் சடங்கில் எல்லோரும் ஐஸ்கிறீமைப் புகழ்ந்தார்கள். கறண்ட் இல்லாத நாளில் இதை எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணன் என்னைக் காட்டி, "எங்கட விஞ்ஞானி" என்றார். பிஸ்தா ஐஸ்கிறீமில் ஒரு கரண்டி வாயில் வைத்தேன். மிச்சத்தை அப்படியே மேசையில் வைத்துவிட்டு எழும்பினேன்.

திங்கட்கிழமை சிப்பை அளந்து எண்களை மெல்பேர்னுக்கு அனுப்பினேன். செவ்வாய்க் காலை டேனியல் போன் எடுத்தார். குரலிலேயே குதித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ரிசல்ட் பாத்தீங்களா? சூட்டுப் புள்ளி ஒண்ணும் பெருசா இல்லலா! நாம பயந்ததுல பத்துல ஒரு பங்குகூட இல்ல!"

"வடிவாப் பார்த்தனீரோ?"

"மூணு தடவ பாத்துட்டேன். இந்தச் சிப்பு எதையும் தாங்கும்."

புதன்கிழமைக் கூட்டத்தில் எங்கள் குழுத் தலைவி அந்த எண்களைத் திரையில் காட்டினார். அவர் பெயரை எழுதினால் கோபிப்பார், ஆகவே தலைவி என்றே வைத்துக்கொள்வோம். எதற்கும் இலேசில் சிரிக்காத அவுஸ்திரேலியப் பெண்மணி. அன்று சிரித்தார். சிப் இவ்வளவு உறுதியானதென்றால் சூடாக்கி தேவையில்லை, அதை எடுத்துவிட்டு டேனியலின் தட்டைத் திரும்பச் சேர்க்கலாம், வரும் திங்கட்கிழமை இறுதி முடிவு எடுக்கலாம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். திரையின் மூலையில் ஒரு சிறிய கட்டத்துக்குள் டேனியல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிவதற்குள் எனக்கு ஒரு செய்தி அனுப்பினார்: ‘அக்கா, உங்க பெட்டிதான் எனக்கு ராசி.’

அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நான் குசினிப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். ஆய்வகத்தின் சிறிய தேநீர் அறையை அப்படித்தான் அழைப்பேன், பழக்கம் விடவில்லை. சொன்னால் அவருடைய ஆறு வருடத்தை என் கையாலேயே எடுத்து மறுபடி அலமாரிக்குள் வைக்கிறேன். சொல்லாவிட்டால் அவருடைய தட்டு மேலே போகும், சூடாக்கி இல்லாத சிப்பும் மேலே போகும், ஓரிரு வருடத்தில் வானம் முழுவதும் பொய் நட்சத்திரம் நிரம்பிவிடும். அப்போது அவருடைய தட்டு பிரிப்பதற்கு உண்மையான ஒளி எங்கே இருக்கப்போகிறது? மேலே போய் ஐஸ் வைக்க முடியுமா, சூடு வைக்க முடியுமா? இப்படிக் கேட்டால் விடை வெளிச்சமாக இருக்கிறது. ஆனாலும் போனை எடுக்க எனக்குப் பின்னேரம் ஆறு மணியானது.

"டேனியல், நீர் இப்ப கதைக்கலாமோ?"

"மக நீச்சல் வகுப்புல இருக்காக்கா. சொல்லுங்க."

பின்னால் பிள்ளைகள் தண்ணீரில் கத்தும் சத்தம் கேட்டது. ரஞ்சனின் பிறீசரில் தொடங்கி பர்சுக்குள் இருக்கும் ஸ்டிக்கர் வரை சொன்னேன். அழக்கூடாது என்று முடிவெடுத்திருந்தேன். அழுதுவிட்டேன். பிள்ளைகளின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

பிறகு கேட்டார்: "உள்ள எவ்ளோ சூடு ஏறுச்சுன்னு தெரியுமா?"

"தெரியாது. அதுதான் பிரச்சினை."

"அப்ப அதிகமா ஏறாமலும் இருந்திருக்கலாம்ல?"

அந்தக் குரலில் இருந்த ஆசையை நான் மறக்கமாட்டேன். "இருக்கலாம்" என்றேன்.

"நாளைக்கு ஃபிளைட்டு புடிச்சு வர்றேன். வெள்ளிக்கிழம மறுபடி நாப்பது போகும்னு சொல்றாங்க. அதே பெட்டி, அதே ரோடு, அதே நேரம். ஓட்டிப் பாத்திரலாம்."

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் ஒரு பழைய சிப்பைக் குப்பிக்குள் போட்டு, குப்பிக்குள் ஒரு வெப்பமானி வயரை விட்டு, மூன்று பனிக்கட்டிகளோடு தெற்கேயிருந்து கிளம்பினோம். வயரின் மறுமுனையும் அதன் பற்றரியும் வெளியே டேனியலின் மடியில். கண்ணாடிகள் திறந்திருந்தன. பென்டில் ஹில்லில் நிறுத்தி இரண்டு கட்டிகளை எடுத்தோம். ரஞ்சன் ஓடிவந்தார்.

"அக்கா, இண்டைக்குக் கறண்ட் இருக்கு. ஐஸ் வேண்டாம்."

"வாங்குங்கோ ரஞ்சன், கேள்வி கேக்காதேங்கோ."

ஒரு கொளுவியை மட்டும் பூட்டினேன். நெடுஞ்சாலையில் அன்று லொறி எதுவும் சாயவில்லை. ஆகவே ஒரு பூங்காவின் வெயிலில் காரை நிறுத்தி மீதி நேரத்தைக் கழித்தோம். டேனியல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைச் சத்தமாக வாசித்து எழுதினார். முதல் அரை மணித்தியாலம் கடுங்குளிர் அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். பிறகு எண் மெதுவாக ஏறத் தொடங்கியது. பூச்சியத்துக்கு நாற்பது கீழே. இருபது கீழே. பூச்சியம். அவர் வாசிக்கும் குரல் தாழ்ந்துகொண்டே வந்தது. அறை வெப்பத்தைத் தாண்டியபோது வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுதுவதை மட்டும் செய்தார். நான் கேட்கவில்லை. மூன்று மணித்தியாலம் முடிந்தபோது கொப்பியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நாற்பத்தாறு. அதற்கு முன்பு ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக முப்பதுக்கு மேல் நின்றிருக்கிறது. எங்கள் சூடாக்கி மாதம் ஒருமுறை செய்யவிருந்த வைத்தியத்தை என் கார் ஒரே பயணத்தில் செய்து முடித்திருந்தது.

டேனியல் கொப்பியை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"அக்கா" என்றார், "அந்த ஐஸ்கிறீம் மிச்சம் ஏதாச்சும் இருக்கா?"

நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். வெப்பமானி வயர் இருவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது.

அதே பின்னேரம் தலைவியின் அறைக்குப் போனோம். கறுத்த ஸ்டிக்கரை மேசையில் வைத்தேன். பக்கத்தில் டேனியல் கொப்பியை வைத்தார். தலைவி எல்லாவற்றையும் கேட்டார். ஐஸ்கிறீம் என்ற இடத்தில் அவர் புருவம் மட்டும் அசைந்தது.

"உனக்கு எத்தனை நாளாகத் தெரியும்?" என்று கேட்டார்.

"ஒரு கிழமை, ஏழு நாள்."

"பெட்டி சூடானது விபத்து. அந்த ஒரு கிழமை விபத்தில்லை."

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு மாதத்துக்கு விண்ணுக்குப் போகும் பாகங்களை நான் தொடக்கூடாது என்றார். சரி என்றேன். பிறகு எங்கள் முன்னாலேயே போனை எடுத்து நிலையத்தில் பேசினார். எவரிடமும் எதையும் கெஞ்சி நான் பார்த்திராத மனுஷி, இன்னொரு அரை நாள் கற்றை கிடைக்குமா என்று மூன்று பேரிடம் கெஞ்சினார். திங்கட்கிழமை எடுக்கவிருந்த இறுதி முடிவும் தள்ளிப்போனது.

கற்றை கிடைத்தது; கற்றை பட்ட புதுச் சிப்போடு வந்த இரண்டாவது பயணத்தில் வண்டியை ஓட்டியது தலைவி. நான் பின் இருக்கையில் எஸ்கியின் மேல் கையை வைத்தபடி இருந்தேன். தொடாதே என்றது பாகத்தைத்தான், பெட்டியை அல்ல என்று அவரே விளக்கம் சொன்னார். வழியில் என் போன் அடித்தது. ரஞ்சன். நான் எடுக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஐஸ்கிறீம் வாளிகளைத் திருப்பித் தரும்படி கேட்கத்தான் அழைத்தாராம். ஆய்வக வாசலில் எஸ்கியைத் திறந்து பார்த்தோம். ஸ்டிக்கர் வெள்ளை. தலைவி பதிவேட்டை என்னிடம் நீட்டி, "நீயே எழுது" என்றார். அந்த மனுஷியை எனக்கு ஏன் பிடிக்கும் என்று கேட்டால் இந்த இடத்தைத்தான் சொல்வேன்.

இந்த முறை வந்த எண்கள் மோசமானவை. சூட்டுப் புள்ளிகள் கொட்டிக் கிடந்தன. சூடாக்கி உள்ளே இருந்தது. டேனியலின் தட்டு அலமாரிக்குத் திரும்பியது. கூட்டத்தில் டேனியலே அதை முன்மொழிந்தார். என் பெயரையும் ஐஸ்கிறீமையும் அவர் சொல்லவில்லை. நானே எழும்பிச் சொன்னேன். பொறியாளர் ஒருவர், "எந்த வகை?" என்று கேட்டார். "மூன்று வகை" என்றேன். தலைவி உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

செயற்கைக்கோள் மேலே போனது. சில மாதங்கள் எல்லாம் அழகாக இருந்தது. பிறகு நாங்கள் எதிர்பார்த்தபடியே, இரண்டாவது பயணத்து எண்கள் சொன்னபடியே, இருட்டுப் படங்களில் பொய் நட்சத்திரங்கள் முளைக்கத் தொடங்கின. சூடாக்கியை முதல்முறை இயக்கும் நாள் வந்தது. கட்டளைகளின் பட்டியலை எழுதுவது டேனியலின் வேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருக்கப் பெயர் வைப்பதும் அவர்தான். அன்று நான் வேலை முடிந்து ஹோம்புஷ் ஸ்டேஷனில் பென்டில் ஹில் பக்கம் போகும் ரெயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். போன் வந்தது.

"அக்கா, பென்டில் ஹில் ஓடி முடிஞ்சிருச்சு."

"நான் இன்னும் ஹோம்புஷிலதான் நிக்கிறன். என்ன ஓடி முடிஞ்சது?"

"ரெயில் இல்லக்கா. சூடாக்கிக் கட்டளைக்கு அதான் பேரு. பட்டியல்ல பாக்கலியா? படம் இப்பதான் இறங்குச்சு. வானம் கறுப்பாயிருச்சு. நல்ல கறுப்பு."

எனக்கு வந்த ரெயிலில் நான் ஏறவில்லை. பயணிகள் கதிரையில் இருந்துவிட்டேன்.

இன்றும் மாதம் ஒருமுறை அந்தக் கட்டளை மேலே போகிறது. அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று உங்களில் யாராவது கேட்டிருந்தால் இதுதான் பதில். டேனியலின் தட்டு இனி அலமாரியில் இல்லை. நீங்கள் இப்போது கட்டிக்கொண்டிருக்கும் இரண்டாவது செயற்கைக்கோளில் நடுவில் இருக்கும் உள்ளங்கை அகலத் தட்டு அதுதான். அதோடு போகப்போகும் சிப்பைத்தான் அடுத்த மாதம் நீங்கள் தெற்கே கொண்டுபோகிறீர்கள். போன் வரும். வராமல் இருக்காது. யாருக்காவது ஏதாவது உருகிக்கொண்டிருக்கும். உங்களுக்கு நல்ல மனது, அதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆய்வகம் போய்ச் சேர்ந்த பிறகு போனை எடுங்கள்.

அதையும் மீறி ஸ்டிக்கர் கறுத்துவிட்டால், அந்தக் கட்டத்தில் கறுப்பு என்று எழுதிவிட்டு மற்றதை யோசியுங்கள். நான் செய்ததற்கு நேர்மாறாகச் செய்யுங்கள், அவ்வளவுதான்.

பழைய பதிவேடு உங்கள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. முதல் பயணத்தின் பக்கத்தைப் புரட்டினால், ஒரு கிழமை வெறுமையாகக் கிடந்த கட்டத்தில் வேறு நிற மையில் ‘கறுப்பு’ என்று என் கையெழுத்தும், பக்கத்தில் அந்த ஸ்டிக்கரும் இருக்கும். ஓரத்தில் சாட்சியாக டேனியல் ஒப்பமிட்டிருக்கிறார். அதற்குக் கீழே, தலைவிக்கு வாசிக்கத் தெரியாதென்ற தைரியத்தில், தமிழில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: ‘ஐஸ்கிறீம் உருகவில்லை. உருகியது அக்காதான்.’